"ஆறுதல் பரிசு" என்ற சொல் குறித்து

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நோர்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை மாரித் பியோர்கன் பற்றி வெளிவந்த கட்டுரையில், தாயான பின்னர் அவருக்குக் கிடைத்தவை ஆறுதல் பரிசுகளே என்றொரு வரி இருந்தது. இருபது ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் வாசகி என்ற உரிமையில், அந்த வரி என்னை ஆழமாகப் புண்படுத்தியது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2015 டிசம்பரில் மகனைப் பெற்றெடுத்த பியோர்கன், அந்தக் குழந்தைக்கு ஒன்றேகால் வயதுகூட நிறையாத நிலையில், 2017இல் பின்லாந்தின் லாஹ்தியில் நடந்த உலகச் சம்பியன் போட்டிகளில் நான்கு தங்கங்களை வென்றார். மறு ஆண்டு தென்கொரியாவின் பியொங்சாங் ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கங்கள் பெற்றார். அங்கு அவர் கடைசியாக ஓடிய 30 கிலோமீற்றர் பனிச்சறுக்கு ஓட்டத்தில், இரண்டாவதாக வந்த பின்லாந்தின் கிறிஸ்டா பார்மாகொஸ்கியை 1 நிமிடம் 49.5 செக்கன் பின்னுக்கு விட்டுத் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 37. அத்துடன் அவருடைய ஒலிம்பிக் பதக்கங்கள் எட்டுத் தங்கம் உட்படப் பதினைந்தாயின. குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை ஆணோ பெண்ணோ எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்திருந்தும் அந்தச் சொல்லை எப்படி அனுமதித்தீர்கள் என்பதே என் வருத்தம்.

நான் ஒஸ்லோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்து பதினொரு மாதங்களில் வேலைக்குத் திரும்பியபோது, என்னை ஒரு வார்த்தைகூடக் கேளாமல், "உங்களுக்கு இனி இது கஷ்டம்" என்று பரிவோடு சொல்லி, நான் ஆறு ஆண்டுகள் பொறுப்பாக நடத்திய இரவு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பரிவில் இருந்த அவமதிப்பை உங்கள் கட்டுரையில் மீண்டும் கண்டேன்.

இது முதல் தடவையுமன்று. சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில், பியோர்கனின் வெற்றிகளுக்கு ஆஸ்துமா மருந்தே காரணம் என்ற தொனியில் ஒரு குறிப்பு வந்தது. போலந்தின் பனிச்சறுக்கு வீராங்கனை யுஸ்தினா கொவால்சிக் 2010இல் அப்படிக் குறைகூறியது உண்மை. அந்த மருந்தை பியோர்கன் முறைப்படி அனுமதி பெற்றே எடுத்தார் என்பதும் உண்மை. உறைபனிக் காற்றை மணிக்கணக்கில் ஆழமாக இழுத்து ஓடுபவர்களின் மூச்சுக்குழாய் படும் பாட்டை, பள்ளிக்கூடப் பனி ஓட்டத்துக்கு முன் மருந்து உறிஞ்சிச் செல்லும் என் மகனிடம் தினமும் பார்த்தவள் நான். அன்று எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. கனடாவின் வன்கூவரில் 2010இல் பியோர்கன் முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தொடும்போது முப்பதை நெருங்கியிருந்தார் என்பதையும், அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் தலா ஒரு வெள்ளியோடு மட்டும் திரும்பியவர் என்பதையும் அந்தக் குறிப்பு சொல்லவேயில்லை.

பெண்களின் உடலைப் பற்றிய இந்தச் சந்தேகம் விளையாட்டின் விதிகளிலேயே நெடுங்காலம் இருந்தது. ஆண்கள் 1924 முதல் ஒலிம்பிக்கில் 50 கிலோமீற்றர் ஓடியிருக்க, பெண்களுக்கு 1952இல்தான் ஒஸ்லோவில் 10 கிலோமீற்றர் ஓட இடம் கிடைத்தது. பியோர்கன் ஓய்வு பெறும்வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் 30 கிலோமீற்றர்தான். இருபாலாருக்கும் ஒரே தூரம் என்ற முடிவு 2022இல்தான் வந்தது. அதனால் 50 கிலோமீற்றர் ஒலிம்பிக் ஓட்டத்தில் அவரைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்காமலே போயிற்று. கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டிய இழப்பு அதுவே.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழின் திருத்தங்கள் பகுதியில், "ஆறுதல் பரிசுகள்" என்று குறிப்பிடப்பட்டவற்றுள் நான்கு உலகச் சம்பியன் தங்கங்களும் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் அடங்கும் என்று ஒரு வரி போடுங்கள். படக்குறிப்பில் அவருடைய துணைவரின் பெயரை முதலில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதையும் மாற்றிப் போட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒஸ்லோ, நோர்வே