தளர்ச்சியும் குடல் பாக்டீரியாவும்: முந்தியது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரின் உடல் தளர்ச்சிக்கும் குடல் பாக்டீரியாக்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நான் முதியோருக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பவன். கட்டுரை வந்த ஒரு வாரத்துக்குள், உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரைகளில் எதை வாங்கலாம் என்று மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கட்டுரையில் தவறான செய்தி எதுவும் இல்லை. ஆனால், தொடர்பு இருக்கிறது என்று எழுதியதை, அதுதான் காரணம் என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இக்கடிதம் அதைப் பற்றியது.

தளர்ச்சி என்று மருத்துவர்கள் குறிப்பது வெறும் வயோதிகத்தை அல்ல. 2001-இல் லிண்டா ஃபிரைடும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த அளவுகோலின்படி, முயலாமலே எடை குறைதல், தீராத அசதி, கைப்பிடியின் வலுக்குறைவு, நடையில் வேகக் குறைவு, உடல் உழைப்பு சுருங்குதல் ஆகிய ஐந்தில் மூன்றேனும் இருந்தால் ஒருவர் தளர்ச்சி உற்றவர். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர். எண்பது வயதிலும் இவற்றுள் ஒன்றும் இல்லாதவர்களைப் பார்க்கிறேன். அறுபத்தைந்திலேயே மூன்றுக்குக் குறையாமல் சேர்ந்தவர்களையும் பார்க்கிறேன்.

குடலோடு இதற்கு உறவு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அயர்லாந்தில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, வீடுகளில் வாழ்வோரைவிட நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் தங்கியிருப்போரின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்திருப்பதையும், அந்த இழப்பு தளர்ச்சியோடு சேர்ந்து காணப்படுவதையும் காட்டியது. பிரிட்டனின் இரட்டையர் பதிவேட்டில் உள்ள 700-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு 2016-இல் வெளியான ஆய்விலும், தளர்ச்சி கூடியவர்களிடம் வகைகள் குறைந்திருந்தன. குறிப்பாக, பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா அருகியிருந்தது. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு பியூட்டிரேட்டே முதன்மையான எரிபொருள். அது குறைந்து சுவர் நெகிழ்ந்தால், பாக்டீரியாவின் சிதைவுகள் இரத்தத்தில் கசிந்து, காய்ச்சலாகவோ வலியாகவோ வெளித்தெரியாத ஓர் அழற்சியை, அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஓயாமல் தூண்டப்பட்டிருக்கும் நிலையை, நீடிக்கச் செய்யும். அந்த அழற்சி தசையைக் கரைக்கும் என்பதே இப்போதுள்ள விளக்கம்.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், 2017-இல் எலிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று இரண்டு பக்கமும் பேசுகிறது. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு வயதானபோதும் அழற்சி கூடவில்லை. கிழ எலிகளோடு ஒரே கூண்டில் விட்டபோது கூடியது. அதே ஆய்வில், கிழ எலிகளின் அழற்சியை மருந்தால் அடக்கியபோது அவற்றின் குடல் பாக்டீரியாக்களும் மாறின. அழற்சிக்குப் பாக்டீரியாவைக் காரணம் காட்டினால், பாக்டீரியாவின் மாற்றத்துக்கு அழற்சியையும் காட்ட வேண்டியிருக்கிறது.

மனிதரிடம் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். என்னிடம் கேட்ட மூவரில் ஒருவருடைய தந்தைக்குப் பல்செட் பொருந்தாமல் போய் மாதங்கள் ஆகின்றன. காய்கறியையும் பயறுகளையும் விட்டு, மென்று தின்ன வேண்டாத உணவுக்கு மாறியிருக்கிறார். அதனால் நார்ச்சத்து போயிற்று, புரதம் குறைந்தது, மலச்சிக்கல் வந்தது. வெளியே நடப்பதும் நின்றது. இடையில் நெஞ்செரிச்சலுக்காகத் தொடங்கிய, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை இன்றுவரை தொடர்கிறது. அவ்வகை மாத்திரையே குடல் பாக்டீரியாக்களை மாற்றக்கூடியது. இப்போது அவருடைய மலத்தைச் சோதித்தால் பாக்டீரியா வகைகள் குறைந்திருப்பதாக முடிவு வர வாய்ப்பு மிகுதி. அதைத் தளர்ச்சிக்குக் காரணம் என்பதா, தளர்ச்சியின் விளைவு என்பதா? அயர்லாந்து ஆய்வாளர்களும் உணவின் மாற்றம் வழியாகவே பாக்டீரியா மாற்றத்தை விளக்கினார்கள் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

முதுமைக்குக் குடல் பாக்டீரியாக்கள்மீது பழி போடுவது புதிதும் அல்ல. நோயெதிர்ப்பு பற்றிய ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் மெச்னிகோவ் அப்படித்தான் நம்பினார். புளித்த பாலைப் பரிந்துரைத்தார். அந்த நம்பிக்கைக்கு வணிகம் உடனே கிடைத்தது. சான்று கிடைக்கத்தான் நாளாகிறது.

ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 65 முதல் 79 வயது வரையுள்ள 612 பேரிடம் ஓராண்டு நடந்த உணவு ஆய்வு 2020-இல் வெளியானது. காய்கறி, பழம், பயறு, முழுத்தானியம் நிறைந்த மத்தியதரைக்கடல் உணவுமுறையை நன்கு கடைப்பிடித்தவர்களிடம் சில பாக்டீரியாக்கள் பெருகின. தளர்ச்சிக் குறைவோடும் அழற்சிக் குறைவோடும் அவை சேர்ந்திருந்தன. அங்கே மாற்றம் வந்தது உணவால், புரோபயாடிக் மாத்திரையால் அல்ல. 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 60 வயதைக் கடந்த 36 இரட்டையர் இணைகளுக்கு 12 வாரம் புரதப் பொடியும் உடற்பயிற்சியும் தரப்பட்டன. ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு மட்டும் பாக்டீரியாவுக்கு உணவாகும் நார்ச்சத்துப் பொடி சேர்க்கப்பட்டது. அவருடைய பாக்டீரியாக்கள் மாறின. நினைவாற்றல் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் நேரம் மட்டும் மாறவில்லை. நான் நாள்தோறும் பயன்படுத்தும் சோதனை அதுதான் என்பதால், இந்த முடிவு எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

புரோபயாடிக் எல்லோருக்கும் தீங்கற்றது என்றும் எண்ண வேண்டாம். நோயெதிர்ப்பு வெகுவாகக் குன்றியவர்களிடம் அந்த உயிருள்ள பாக்டீரியாக்களே அரிதாக இரத்தத்தில் தொற்றியதுண்டு. அதே வேளையில், மேலே சொன்ன அமில மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் யாரும் நிறுத்திவிடவும் கூடாது.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, ஆய்வு நடந்தது எலியிடமா மனிதரிடமா, மாறியது மலத்தில் கண்ட பாக்டீரியா மட்டுமா அல்லது அந்த மனிதரின் நடையும் பிடியுமா என்ற இரண்டையும் முதல் பத்தியிலேயே குறிப்பிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
இயன்முறை சிகிச்சையாளர்