வழியில் கெட்டால் வழியிலேயே சரியாக வேண்டும்

கும்பகோணம்,
புரட்டாசி.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. தை பிறந்ததும் கிளம்பி ஹம்பி, நர்மதைக் கரை, காசி என்று சுற்றி, பிறகு திருச்சியிலிருந்து கோலாலம்பூரில் தங்கை வீட்டுக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. போகிற இடமெல்லாம் எழுதிக்கொண்டே போ.

இங்கே குறுவை அறுப்பு முக்கால்வாசி முடிந்துவிட்டது. நெல்லை ரோட்டில் பரப்பிவிட்டு, கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்ள ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருமா என்று எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்பட்டத்தில் சம்பா நடவு தொடங்கியாயிற்று.

லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். 25,000 ரூபாய்க்குள் பழையது வாங்கினால் ஒரு வருஷ ஊர்சுற்றலுக்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகத் தாங்கும். அந்த விலைக்குப் புதிதாக வருவதில் பெரும்பாலும் வேகம் குறைந்த பிராசசர், மாற்ற முடியாதபடி போர்டோடு சால்டர் செய்த (பற்றவைத்த) ரேம், மெலிந்த பிளாஸ்டிக் மூடி. வீட்டு மேசையில் இருக்கிறவரை அது ஓடும். பையில் போட்டு பஸ்ஸிலும் ரயிலிலும் இடிபட்டால் முதலில் கீல் விட்டுப்போகும். நீ தேட வேண்டியது, கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுகிற மெஷின். அவை தினம் தூக்கிக்கொண்டு அலைவதற்கென்றே செய்தவை. அதைவிட முக்கியம், ஆயிரக்கணக்கில் விற்ற மாடல் என்பதால் கீபோர்டோ பேட்டரியோ போனால் நாக்பூரிலும் கிடைக்கும், காசியிலும் கிடைக்கும். வழியில் கெட்டால் வழியிலேயே சரியாக வேண்டும். பளபளப்பு, ஒல்லி, பெயர் எல்லாவற்றையும் இதற்குப் பின்னால் வை.

பிராசசர் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதே. ஐ5-8250யு, ஐ5-8350யு என்று இருக்கும். கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கம் 8. இதற்கு இரண்டு காரணம். 7-ஆம் தலைமுறையில் இந்த வகை ஐ5-க்கு இரண்டு கோர்தான் (கணக்குப் போடும் பகுதி), 8-இல் நான்கு. அடுத்தது, விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறையாக ஏற்றுக்கொள்வது 8-இலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. "6-ஆம் தலைமுறை, 12,000-க்குத் தருகிறேன், விண்டோஸ் 11 போட்டிருக்கிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், மைக்ரோசாஃப்டின் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம். பெரிய அப்டேட் வரும்போது அது நின்றுபோகலாம். லினக்ஸ் பழக்கம் இருந்தால் பழைய தலைமுறையும் ஓடும். உனக்கு இல்லை, பயணத்தில் புதிதாகப் பழகவும் வேண்டாம்.

மாடல் என்று பார்த்தால் மூன்றைச் சொல்வேன்: லெனோவா திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 14 அங்குலம், மூன்றிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டியை (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்) கழற்றி மாற்றலாம், டைப்-சி வழியாக சார்ஜ் ஏற்றலாம். என் மனசு டி480 பக்கம். அதில் பேட்டரி இரண்டு. ஒன்று உள்ளே 24 வாட்-ஹவர் (பேட்டரி பிடிக்கிற மின்சாரத்தின் அளவு), இன்னொன்று அடியில் தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். வெளியே இருப்பதைக் கழற்றி வேறொன்றைச் செருகும்வரை உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும், மெஷினை அணைக்கவே வேண்டாம். வெளிப் பேட்டரியில் 72 வாட்-ஹவர் வகையும் உண்டு. கொஞ்சம் கனம், அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். எழுதுவது, படிப்பது, படம் ஒழுங்கு செய்வது என்றால் மெஷின் சுமார் 8 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள். 72-ஐ 8-ஆல் வகுத்துப் பார், ஒரு பகல் பொழுது ஓடிவிடும். அடுத்த வருஷம் வந்த டி490-இல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள், ரேமிலும் பாதியை சால்டர் செய்துவிட்டார்கள். எண் பெரிதாக இருக்கிறதே என்று அதற்குப் போய்விடாதே.

டி480-க்குத் தெரிந்த ஒரு நோவு உண்டு. சார்ஜ் ஏறுவது டைப்-சி வழியாக மட்டும்தான். இரண்டு டைப்-சியில் தண்டர்போல்ட் என்ற வேக வகை உள்ள ஒன்றின் ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) பிழை இருந்தது. அப்டேட் செய்யாமல் விட்டால் அந்தச் சிப் நாளடைவில் செத்துப்போகலாம். லெனோவா அப்டேட் வெளியிட்டிருக்கிறது. கடையில் இரண்டு துளையிலும் சார்ஜரைச் செருகி இரண்டிலும் ஏறுகிறதா என்று பார். கேபிளை லேசாக ஆட்டு. விட்டு விட்டு ஏறினால் அந்த மெஷின் வேண்டாம். லாட்டிட்யூடிலும் எலைட்புக்கிலும் பழைய உருண்டை பின்னும் கூடவே இருப்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். எலைட்புக்கில் மட்டும், பக்கத்துச் சீட்டுக்காரர் பார்க்காமல் இருக்க என்று ஒரு திரை வகை உண்டு. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாலே மங்கிப்போகும். அதைத் தவிர்த்துவிடு. எந்த மாடலிலும் திரை 1920க்கு 1080 புள்ளி, ஐபிஎஸ் (எந்தக் கோணத்திலும் நிறம் மாறாத வகை) என்று கேட்டு வாங்கு. இந்த மாடல்கள் சிலவற்றில் 1366க்கு 768 மலிவுத் திரையும் வந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறிவிடும்.

மெலிந்த ஆப்பிள் ஏர் பழையதாகக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். 2018-க்குப் பிறகு வந்த ஏரில் ரேம், எஸ்எஸ்டி இரண்டும் போர்டிலேயே இருக்கின்றன. ஒன்று போனால் போர்டு முழுவதும் போனமாதிரி. உன் பயணத்துக்கு அது ஒத்துவராது.

அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்பும் நம் பக்கம் கைமாறிக்கொண்டிருக்கிறது. அது ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தது. எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதே.

திருச்சியில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும், கடையில் ஒரு மணி நேரம் உட்காரத் தயாராகப் போ. முதலில் மெஷினை அணைத்து, கண்ணாடி மேசைமேல் தட்டையாக வைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்து. ஒரு மூலை ஆடினாலோ, டச்பேட் நடுவில் மேடு தட்டியிருந்தாலோ, அடிமூடிக்கும் உடம்புக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி தெரிந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதே, தீப்பிடிக்கும். அடுத்து போன் டார்ச்சை டைப்-சி, யுஎஸ்பி துளைகளுக்குள் அடி. வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்திருந்தால் உப்புக் காற்றோ தண்ணீரோ உள்ளே போயிருக்கிறது. நாகை, வேதாரண்யம் பக்கம் ஓடிய மெஷின்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிறகு ஆன் செய்யும்போதே பயாசுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போ. லெனோவாவுக்கு எஃப்1, டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடு. "செல்லைக் கழற்றி மாட்டினால் போய்விடும் சார்" என்பார்கள். திங்க்பேடில் அது போகாது. பாஸ்வேர்டு தனிச் சிப்பில் இருக்கிறது, முறையான வழி என்றால் போர்டையே மாற்றுவதுதான். பயாசில் காட்டும் சீரியல் எண்ணும் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா பார். வேறாக இருந்தால் போர்டு மாறியிருக்கிறது.

அடுத்தது பலர் கோட்டை விடுகிற இடம். விண்டோஸை முழுதாக ரீசெட் செய்யச் சொல்லி, ஆரம்பத் திரை வரும்போது உன் போன் ஹாட்ஸ்பாட்டில் இணை. ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர் வந்து அந்த ஆபீஸ் மின்னஞ்சலைக் கேட்டால், மெஷின் இன்னும் அந்தக் கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது. இணையம் இல்லாமல் ஏற்றிக் கொடுத்தால் இது வெளியே தெரியாது; பிறகு எங்கேயோ ஓர் ஊரில் நீ ரீசெட் செய்யும் நாளில் பூட்டிக்கொள்ளும். ரீசெட்டுக்குப் பிறகு விண்டோஸ் தானாகவே ஆக்டிவேட் ஆக வேண்டும். சில கடைகளில் ஆபீஸ்களுக்கான மொத்த உரிமத்தைப் போலியாக ஏற்றிவிடுகிறார்கள். அது 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. புதுப்பிக்காவிட்டால் பயணத்தின் நடுவே ஆக்டிவேட் செய்யச் சொல்லித் திரையில் வந்து நிற்கும்.

இப்போது பேட்டரி. கொள்முதல் நிலையத்தில் நம் வாய்ச்சொல்லை யாரும் கேட்பதில்லை, மீட்டரை வைத்துத்தான் ஈரம் பார்க்கிறார்கள். பேட்டரியையும் அப்படி அளந்து வாங்கு. கமாண்ட் விண்டோவைத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் அடி. ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டு. ஒரு கோப்பு உருவாகும்; எங்கே சேமித்தது என்பதையும் அந்த விண்டோவே காட்டும். அதில் இரண்டு எண் பார்: டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி. 24,000 என்று பிறந்தது இன்று 15,000 பிடித்தால் 62 சதவீதம். 70-க்குக் கீழே இருந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசு. எண்ணை மட்டும் நம்பாமல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓடவிடு. 45-இலிருந்து திடீரென்று 9-க்கு விழுந்தால் உள்ளே ஒரு செல் தளர்ந்திருக்கிறது; ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது குப்பை. வெளியே பேட்டரி வாங்கும்போது கம்பெனியுடையதாகவே வாங்கு. சில மாடல்கள் போலியைக் கண்டால் சார்ஜ் ஏற்றவே மறுக்கும்.

அந்த அரை மணியில் மற்றதையும் பார்த்துவிடலாம். நோட்பேடில் ஒவ்வொரு கீயாகத் தட்டு. தமிழ்99 கீபோர்டு முறையில் அடிக்கிற உனக்கு ஒரு கீ போனாலும் ஓர் எழுத்தே போய்விடும். வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்க விரித்துப் புள்ளி, கறை பார். மூடியை மெதுவாகத் திறந்து மூடி கீல் சத்தம் கேள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் ஆயுள் சதவீதத்தையும் ஓடிய மணிக்கணக்கையும் சொல்லும். கேமரா, மைக், ஸ்பீக்கருக்கு ஒரு வீடியோ கால் போதும். ஃபேன் கரகரத்தால் தூசியோ பேரிங்கோ. இரண்டுக்கும் வழி உண்டு, அதற்காக விட்டுவிட வேண்டாம். தேதி 2018 என்று காட்டினால் உள்ளே காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் தேதி தப்பாக இருந்தால் பேங்க் தளம் திறக்காது. அங்கேயே மாற்றச் சொல். ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம், முடிந்தால் 16.

சார்ஜர் 65 வாட் டைப்-சி, பவர் டெலிவரி (பி.டி.) வகை. அடியில் 20 வோல்ட் என்று அச்சடித்திருக்க வேண்டும். போன் சார்ஜர் பலவற்றில் அது இருக்காது, அதனால்தான் ஏறுவதில்லை. இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் சில ரயில் பெட்டிகளில் வருகிற 110 வோல்ட்டிலும் ஓடும். கோலாலம்பூரில் மூன்று செவ்வக முனை பிளக், ஒரு மாற்றி போதும். உலோக உடம்பு மெஷினை எர்த் இல்லாத பிளக்கில் போட்டால் மணிக்கட்டில் சுருசுருவென்று கூசும். பெரும்பாலும் அது சார்ஜரிலிருந்து கசிகிற மிகச் சிறிய மின்சாரம்தான், ஆபத்தில்லை. எர்த் உள்ள மூன்று முனை பிளக்குக்கு மாறினால் நின்றுவிடும். இடி இடிக்கும்போது பிடுங்கிவிடு. பேட்டரிகளையும் பவர் பேங்க்கையும் விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொன்றும் 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் தகராறு இல்லை. 72 அதற்குள் அடங்கிவிடுகிறது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-ஹவர்தான்.

மழையில் நனைந்துவிட்டால் நம் ஊர் வைத்தியப்படி அரிசி மூட்டையில் புதைக்காதே. அரிசி சும்மா காற்றில் வைப்பதைவிட ஒன்றும் அதிகமாக உறிஞ்சாது, மாவுத் தூசிதான் துளைக்குள் இறங்கும். உடனே அணை, சார்ஜரைப் பிடுங்கு, வெளிப் பேட்டரியைக் கழற்று, கூடாரம் மாதிரி கவிழ்த்து வை. அடிமூடியைத் திறந்து உள்பேட்டரியையும் ஒருவர் கழற்றிவிட்டால் நல்லது. இரண்டு நாள் ஆன் செய்து பார்க்காதே. அதற்கு முன்னால், பையில் ஜிப் வைத்த கெட்டி பிளாஸ்டிக் உறை ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

கிளம்பும் முன் டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்டுப் பூட்டு. அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று வை. எழுதுவதையெல்லாம் வேறு பையில் இருக்கும் ஒரு சின்ன எஸ்எஸ்டியிலும் ஆன்லைனிலும் ஒரு பிரதி வை. மெஷின் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம், எழுத்தை வாங்க முடியாது.

பில் இல்லாமல் வாங்காதே. பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும், கடை முத்திரையும் வேண்டும். திருட்டுப் பொருள் என்று பின்னால் பேச்சு வந்தால் உன் கையில் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான்.

அடுத்த வாரம் திருச்சி போகிறாய் என்று எழுதியிருக்கிறாயே, பிடித்த மெஷினைத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரையும் பேட்டரி ரிப்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பு. பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பு. பத்து நிமிஷத்தில் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்