விழாக் குழுவினரே, விருந்து முடிந்ததும் சாவி யார் கையில்?

நியூ ஜெர்சியில் தமிழ் விழாக்கள் நடத்தும் எல்லாக் குழுவினருக்கும் வணக்கம்.

போன தீபாவளி விருந்து முடிந்த நேரம். நன்றாகக் குடித்திருந்த ஒருவர், தூங்கிப்போன மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் ஜிப்பாப் பையில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார். இரவு தங்கல் நியூயார்க்கின் குயின்ஸில், மச்சான் வீட்டில். நான் ஓட்டுகிறேன் என்று சொன்னதற்கு, "நம்ம ஸ்டேட்ல இது வெறும் டிராஃபிக் டிக்கெட்தாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். பக்கத்தில் நின்ற உங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் அவர் மனைவி சாவியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

சரி, அவர் சொன்னது பாதி உண்மை. நியூ ஜெர்சியில் குடித்துவிட்டு ஓட்டி முதல் முறை பிடிபட்டால் அது போக்குவரத்து விதிமீறல்தான், ஜூரி விசாரணைகூடக் கிடையாது. ஆனால் அந்த "டிக்கெட்"டுக்கே 30 நாள் வரை சிறையில் போடலாம், அப்புறம் மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்கும் ஊதும் கருவியைக் காரில் மாட்ட வேண்டும், காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போனாலும் ஊதினால்தான் வண்டி கிளம்பும். பாலம் தாண்டி நியூயார்க்கில் நுழைந்தால் கதையே வேறு. 15 வயதோ அதற்குக் குறைவோ உள்ள பிள்ளை வண்டியில் இருந்தால், 2009-ல் வந்த லியாண்ட்ரா சட்டப்படி முதல் தடவையே பெருங்குற்றம், 4 ஆண்டு வரை சிறை. தோளில் தூங்கிய அந்தப் பெண்ணுக்கு 6 வயது.

மாநிலத்துக்கு மாநிலம் இப்படித்தான். விஸ்கான்சினில் முதல் தடவை பெரும்பாலும் அபராதமும் லைசென்ஸ் பறிப்பும்தான், அரிசோனாவில் முதல் தடவைக்கே சிறை உண்டு. ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுவுக்கான வரம்பு மற்ற மாநிலங்களில் 0.08 சதவீதம், யூட்டாவில் மட்டும் 2018 டிசம்பர் 30 முதல் 0.05.

விசாவில் இருப்பவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் கைகொடுக்காது. கைதானாலே போதும், தீர்ப்புக்கு முன்பே அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். என் நண்பனுக்கு அப்படித்தான் ஒரு மின்னஞ்சல் வந்தது. இங்கே வேலையில் தொடரலாம், ஆனால் ஊருக்குப் போனால் மருத்துவப் பரிசோதனை முடித்துப் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும், அது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில் அவன் அப்பா தவறிப்போனார். தம்பி கொள்ளி வைப்பதை இவன் போனில் பார்த்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் கேட்கிறேன். பதிவுப் படிவத்திலேயே "திரும்பும்போது யார் ஓட்டுவார்?" என்று ஒரு வரி சேருங்கள். சாப்பாடு பரிமாறத் தொடங்கியதும் பாரை மூடுங்கள். குடிக்காத நாலு பேரை வண்டியோடு வாசலில் நிறுத்துங்கள். வரும் பொங்கல் விழாவுக்கு முதல் பெயராக என்னை எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியில் ஏழு பேர் உட்காரலாம், எத்தனை மணி ஆனாலும் காத்திருந்து கொண்டுபோய் விடுகிறேன்.