குடல் ஆராய்ச்சிச் செய்தியில் காசநோயை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குரோன்ஸ் எனும் குடல் அழற்சி நோய்க்கான சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2024இல் வெளியிட்ட 'புரொஃபைல்' ஆய்வை எல்லாருக்கும் புரியும்படி எழுதியிருந்தீர்கள். பிரிட்டனில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 386 பேர். ஒரு பிரிவினருக்கு ஆரம்பத்திலேயே இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து. மற்றவர்களுக்கு வழக்கம்போல நோய் மறுபடி தலைதூக்கினால் மட்டும் படிப்படியாக மருந்தைக் கூட்டுவது. 48 வாரம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் 79 சதவீதம் பேர் ஸ்டீராய்டோ அறுவை சிகிச்சையோ தேவைப்படாமல் நலமாக இருந்தார்கள். அடுத்த பிரிவில் 15 சதவீதம்தான். நல்ல செய்தி, சந்தேகமில்லை.

ஆனால் கட்டுரையில் காசநோய் பற்றி ஒரு வரிகூட இல்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருக்கும் நாட்டில் இதை எப்படி விட முடியும்? உடலில் அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைக் கட்டி வைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தியைத்தான் இன்ஃப்ளிக்ஸிமாப் தளர்த்துகிறது. அதனால்தான் அதைப் போடும் முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனையோ தோல் பரிசோதனையோ செய்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. குடல் காசநோயும் குரோன்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில்தான் வரும். வயிற்றுவலி, காய்ச்சல், எடை குறைவு, குடலில் புண், சுருக்கம் என எல்லாமே இரண்டிலும் உண்டு. குடல் திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியிலும் பல நேரம் முடிவு தெரியாது. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் காசநோய் என்று நம்பலாம். நெகட்டிவ் வந்ததால் மட்டும் இல்லை என்று சொல்லிவிட முடியாது, குடல் திசுவில் கிருமி அவ்வளவு குறைவாக இருக்கும். அதனால் சந்தேகம் தீராதபோது நம் மருத்துவர்கள் முதலில் காசநோய் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதில் தவறில்லை. குரோன்ஸ் என்று எண்ணிக் காசநோயாளிக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி (குழாய்க் கேமராவால் குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை) செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் தங்கைக்கு அது நடக்கவில்லை. வலி கொஞ்சம் குறைந்தது, சாப்பிட ஆரம்பித்தாள், அதை வைத்தே மாத்திரை வேலை செய்கிறது என்று முழு கோர்ஸையும் முடிக்கச் சொன்னார்கள். எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. கடைசியில் குடல் சுருங்கி அடைப்பு வந்து, அவசரமாக ஆபரேஷன் செய்த பிறகுதான் அது குரோன்ஸ் என்று தெரிந்தது. குரோன்ஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்துக் காலம் போனால் குடல் சுருக்கம் அதிகமாகிறது என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2020லேயே எழுதியிருக்கிறார்கள் என்பதை அப்புறம்தான் படித்தேன். அவள் இப்போது சரியான மருந்தில் நன்றாக இருக்கிறாள். இழந்த குடல் திரும்ப வராது.

சீக்கிரம் தீவிர சிகிச்சை தொடங்கினால் நல்லது என்பதுதான் கேம்பிரிட்ஜ் ஆய்வு சொல்வது. நம் ஊரில் அந்தச் 'சீக்கிரம்' எங்கே தொலைகிறது என்றால், இந்த இரண்டு நோயையும் பிரித்தறியும் இடத்தில்தான். அடுத்த இதழிலாவது இதைப் பற்றி ஒரு அரசு மருத்துவமனைக் குடல் நோய் நிபுணரிடம் கேட்டு எழுதுங்கள். எந்த நிலையில் காசநோய் மாத்திரையைத் தொடங்குகிறார்கள், இரண்டாவது கொலோனோஸ்கோப்பி எப்போது, அதில் புண் ஆறாமல் இருந்தால் அடுத்து என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை