வரவுக் கொப்பி

அன்பான கூட்டாளிக்கு,

உன்ர வொய்ஸ் மெசேஜ் கேட்டனான் எடி, மகளுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது எண்டது பெரிய நிம்மதி. இஞ்ச மழை விட்டு மூண்டு நாளாச்சு, குளம் இன்னும் வான் பாயுது, ஒட்டுசுட்டான் பக்கம் வயல் எல்லாம் ஒரே வெள்ளம்.

இந்த வருசம் நான் மாதர் சங்கத்துக்குச் செயலாளர். பழைய வரவுக் கொப்பியைப் புரட்டேக்க ஒரு பேரில கண் நிண்டுட்டுது, எங்களோட பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள், ஷெல் பீஸ் முள்ளந்தண்டில பட்டு இடுப்புக்குக் கீழ இயங்காதவள், உனக்கு ஆரெண்டு விளங்கும். அவளின்ர பேருக்கு நேர மாசாமாசம் 'சமூகமில்லை'. கூட்டத்துக்கு வராட்டி 50 ரூபா தண்டம் தானே, அதை ஆறு வருசமா மகளிட்டக் குடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். மண்டபத்து வாசலில மூண்டு படி, வீல்செயார் ஏறாது. படி வைச்சுக் கட்டினது நாங்கள், தண்டம் கட்டினது அவள். எனக்கு அண்டைக்கு நித்திரையே வரேல்லை எடி.

அடுத்த கூட்டத்தில கதைச்சு அந்தக் காசு முழுக்கத் திருப்பிக் குடுத்து, சாய்வுப் பாதை ஒண்டும் கட்ட வெளிக்கிட்டம். மேசன் ஒரே நாளில ஆறடி நீளத்துக்குக் கொங்கிறீற் போட்டு முடிச்சிட்டார், அவளைக் கூட்டியந்து ஏத்திப் பாத்தா ரெண்டு பேர் பிடிச்சுத் தள்ளியும் செயார் பின்னுக்குச் சரியுது, அவள் பயந்து கத்திப்போட்டாள். பிறகு கிளிநொச்சியில மாற்றுத்திறனாளிகள் அமைப்பில வேலை செய்யிற தம்பி ஒராள் வந்து தான் விளங்கப்படுத்தினவர், ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும், எங்கட வாசல் ஒண்டரை அடி எண்டபடியா 18 அடி. முத்தத்தில நேரா விட இடம் காணாது, அதால சுவரோட திருப்பி, திரும்பிற இடத்தில சமதரை விட்டு, ரெண்டு பக்கமும் பைப் பிடி போட்டுக் கட்டினம். மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைக்கெண்டு 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் இருக்காம், பொதுக் கட்டடங்களுக்கு 2006இல ஒழுங்குவிதியும் வந்ததாம், 2011இல உயர் நீதிமன்றமும் கட்டளை போட்டிருக்காம். எங்கட மண்டபம் இவ்வளவுக்கும் பிறகு கட்டினது, எங்களில ஒருத்தருக்கும் இது தெரியாது. இப்ப முழங்கால் நோக்காட்டுக்கார ஆச்சிமாரும் அதால தான் ஏறினம்.

அவள் வந்த முதல் கூட்டத்தில தன்னைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை. வாய்க்காலுக்கு அங்கால இருக்கிற சனத்தில ஏன் ஒருத்தரையும் காணேல்லை எண்டு தான் கேட்டவள். 77, 83 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து குடியேறின குடும்பங்கள் தானே, மூண்டு தலைமுறையா எங்கட வயலில கூலிக்கு நிக்கினம், நாங்கள் கூட்டம் வைக்கிறது புதன்கிழமை மூண்டு மணிக்கு, அந்நேரம் அவை களத்தில நிப்பினம். ஞாயிறு பின்னேரத்துக்கு மாத்தினம், பதினொரு பேர் வந்தவை. ரியூசன் முடிஞ்சு பிள்ளையள் வாற வாய்க்கால் ரோட்டு கும்மிருட்டு, யானையும் நிக்கிறது எண்டு அவை சொல்லித்தான் எங்களுக்கே தெரியும், பிரதேச சபைக்குக் கடிதம் எழுதி இதுவரை ரெண்டு லைற் வந்திருக்கு, இன்னும் நாலு வேணும். ஒரு பிள்ளை கூட்டம் முடியட்டும் எண்டு நிண்டு புருசன் அடிக்கிறதைச் சொன்னது. அதுக்குப் பிறகு தான் பெண்கள் உதவி கேட்டு எடுக்கிற 1938 ஃபோன் நம்பரை மண்டபத்துச் சுவரில பெரிசா எழுதினம்.

இப்ப செய்யிறது வெள்ளத்துக்கான லிஸ்ற், தண்ணி ஏறினா முதல் ஆர் வீட்டை போறது, ஆர் ஆரைத் தூக்கிறது எண்டு. கோயில் ஸ்பீக்கரில தான் அறிவிக்கிறது, காது கேளாத தம்பதி ஒண்டு இருக்கினம், அவைக்கு அது என்னத்துக்கு எடி. பக்கத்து வீட்டுப் பெடியன் போய்ச் சொல்லுறதெண்டு வைச்சிருக்கிறம், ஆனா அவனுக்குக் கைச்சைகை ஒண்டும் தெரியாது. நீ வவுனியாவில சைகை மொழி படிச்சனி தானே, தைப்பொங்கலுக்கு வரேக்க ரெண்டு நாள் கூட நில்லு, அவனுக்கும் எங்களுக்கும் 'தண்ணி', 'வெளிக்கிடு', 'பள்ளிக்கூடம்' எண்ட மூண்டையாவது காட்டித் தா. சாப்பாடு என்ர வீட்டை.

அன்போட,
உன்ர பின்வாங்குக்காரி