முகிலுக்கு ஆமை வேண்டாம், கயல்

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் சொன்னதை நினைத்து ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. முகில் ஆமை வேண்டும் என்கிறான், யாரோ ஒருவர் நட்சத்திர ஆமைக்குட்டி கொண்டுவந்து தருகிறேன் என்கிறார், வீட்டில் வைத்தால் காசு சேருமாம். நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இரண்டையும் நான் நம்பியதில்லை. என் கவலையெல்லாம் அந்தக் குட்டியைப் பற்றித்தான். அதை வாங்குவதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதை மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

நட்சத்திர ஆமை வறண்ட புதர்க்காட்டில் வாழ்வது, அதோடு எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது ஆனைமலையின் காட்டாமை. புத்தகத்தில் திருவிதாங்கூர் ஆமை என்று போட்டிருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வேட்டைத் தடுப்புக் காவலராக 22 வருஷம் நடந்ததில் நான் பார்த்தது 30 இருந்தால் அதிகம்.

முதல் ஆமையைக் கண்ணால் பார்க்கும் முன்பு காதால்தான் கேட்டேன். மார்கழி மாதம், பொழுது சாயும் நேரம். டக், டக் என்று விட்டுவிட்டுச் சத்தம். யாரோ திருட்டு மரம் வெட்டுகிறான் என்று நானும் கூட வந்தவரும் குனிந்தே போனோம். மூங்கில் புதருக்குப் பின்னால் இரண்டு ஆண் ஆமைகள், ஓட்டோடு ஓடு மோதிச் சண்டை. ஒரு அடி நீளம் இருக்கும், பழுப்பு ஓட்டில் கரும் திட்டுகள். கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் ரோஜா நிறம் ஏறியிருந்தது. இணை சேரும் பருவத்தில் அப்படி நிறம் மாறுமாம், பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று வாயடைத்து நின்றோம்.

அப்புறம் ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகளோடு போனேன். ஓட்டில் சின்ன ரேடியோ கருவி ஒட்டி, ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார்கள். கருவி இங்கேதான் என்று கத்தும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விழுந்த மரத்தடியிலோ பாறை இடுக்கிலோ, சில சமயம் எறும்புத்தின்னி விட்டுப்போன வளையிலோ சருகை மூடிக்கொண்டு கிடக்கும். காலையிலும் அந்தியிலும்தான் நடமாட்டம். காட்டுக்கு நடுவில் ஈரப் புல்வெளி உண்டல்லவா, நாங்கள் வயல் என்போமே, அங்கே வந்து புல் மேயும். உதிர்ந்த பழம், காளான், பூச்சி, செத்த பிராணியின் மிச்சம் என்று கிடைத்ததையும் தின்னும். இத்தனையும் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் யார் கொடுக்க முடியும் கண்ணு?

முட்டையும் குறைவு. ஒரு தடவைக்கு ஒன்று முதல் ஐந்துதான். அதனால் ஒரு பெரிய ஆமை போனால் அந்த இடம் சீக்கிரம் நிரம்பாது. கோடைத் தீக்குப் பிறகு ஒரு முறை சாம்பலில் வெந்த ஓடு ஒன்றைக் கண்டேன். மான் ஓடிவிடும், யானை விலகிவிடும், இது எங்கே ஓடும்? அதற்கடுத்த வருஷத்திலிருந்து தீ தாண்டாமல் இருக்கத் தரையை வெறுமையாக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டும்போது ஒரு சருகைக்கூட விடாமல் கூட்டினேன்.

முகிலுக்கு இன்னொரு கதையும் சொல். சூரல் ஆமை என்று உள்ளங்கை அளவில் ஒன்று உண்டு. 1912இல் அதைப் பற்றி எழுதினார்கள், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆய்வாளர் யார் கண்ணிலும் படவில்லை. 1982இல் விஜயா என்ற இளம்பெண் கேரளக் காட்டிலேயே தங்கி, அங்கே வாழும் காடர் பழங்குடி மக்களின் துணையோடு அதைத் தேடிக் கண்டுபிடித்தார். சின்ன வயதிலேயே இறந்துவிட்டார், பாவம். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கே விஜயாகெலிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள்.

அந்த ஆளிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. பாவம் என்று வாங்கி எங்காவது விடுகிற எண்ணமும் வேண்டாம், வனத்துறைக்குத் தகவல் சொல்.

அரையாண்டு விடுமுறைக்கு முகிலை அழைத்து வா. ரேஞ்சரிடம் கேட்டு அனுமதி வாங்கிவைக்கிறேன். அந்தி நேரத்தில் வயல் ஓரமாகப் போய் உட்காருவோம். ஆமை வராமலும் போகலாம், அதை அவனிடம் இப்போதே சொல்லிவை. அட்டை ஏறாமல் இருக்கக் காலுறை தைத்து வைக்கிறேன், அவன் பாத அளவை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா