அக்கோவின் கோப்பை என் பையில் இருக்கிறது

எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரர் ரசம் சாதம் கேட்டார். சாப்பிட்டுவிட்டு உப்பு பத்தவில்லை என்று குறையும் சொன்னார். இதைவிட நல்ல சேதி என்னிடம் இல்லை. அவர் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன இந்தப் பதினாறு நாள் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பச் சொல்லத் தெம்பில்லை, நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு. எத்தியோப்பியாவில் ஜிம்மா நகரத்தைத் தாண்டி மலைமேல் இருக்கும் அந்தக் கிராமத்து அக்கோவுக்கு. அங்கே பேசும் ஒரோமோ மொழியில் அக்கோ என்றால் பாட்டி. போன புதிதில், இவ்வளவு வயதானவரை எல்லாரும் அக்கா என்கிறார்களே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். தமிழ்க்காது அப்படித்தான் கேட்கும்.

இரண்டு வருடமாக அவர் வீட்டு வாசலில் நோட்டும் கையுமாக உட்கார்ந்து செடிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன செடி, இலையா வேரா, எவ்வளவு, எத்தனை வேளை. பாதிக்குப் பதில் வரும், பாதிக்குச் சிரிப்பு வரும். ஊரறிந்த செடிகளைத் தாராளமாகச் சொல்வார். சிலவற்றை வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் சொல்லித் தருவார்கள், வெளியே சொன்னால் மருந்து பலிக்காது என்பது அங்கே நம்பிக்கை. அதை நான் நோண்டியதில்லை.

அவர் தாராளமாகச் சொன்னவற்றில் ஒன்று 'கொரிச்சா மிச்சி'. மிச்சிக்கு மருந்து என்று அர்த்தம். வெயில் பட்டு வருவதாகச் சொல்லும் காய்ச்சல், தலைவலி, உதட்டுப் புண் எல்லாம் சேர்ந்ததுதான் மிச்சி. நம் துளசியின் இனம்தான், இலையைக் கசக்கி முகர்ந்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். கசக்கிப் பிழிந்த சாற்றைக் காபியில் விட்டுக் கொடுப்பார்கள், உடம்பிலும் தேய்ப்பார்கள். அக்கோவின் வேலியோரம் அது இடுப்புயரத்துக்கு நிற்கிறது.

என் வீட்டுக்காரருக்கு முடியாமல் போன அன்று ராத்திரி அந்த இலையைத்தான் கெஞ்சிக் கேட்டேன். தாவரவியல் பாடம் நடத்துகிறவள், இரண்டு பிடி இலை பறித்துக் கசக்கிக் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கோ இவர் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். என் போன் வெளிச்சத்தில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றில் ஓர் இடத்தில் மெதுவாக அழுத்தினார், இவர் கத்திவிட்டார். முடியாது என்று தலையசைத்தார். பேரன்தான் எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னான்: "இது மிச்சி இல்லையாம். இலையைக் கொடுத்தால் விடியட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுவீர்களாம். உட்காரக் கூடாதாம்."

எனக்கு வந்தது கோபம். ஓர் இலை கொடுக்கவும் மனசு வரவில்லையா என்று தமிழிலேயே கத்தினேன். அக்கோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆள் கூப்பிட யாரையோ அனுப்பினார். மழையில் ரோடு போய்விட்டதால் பஜாஜ் மேலே வராது (அங்கே ஆட்டோவுக்குப் பேரே பஜாஜ்தான்). இரண்டு கழியில் போர்வையைக் கட்டித் தூக்கத் தயாரானார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அக்கோ ஜபனா என்கிற காபிக் கூஜாவிலிருந்து ஒரு சின்னக் கோப்பையில் காபி ஊற்றி, வேலியோரம் போய் ஒரு கொத்து தேனா ஆதாம் ஒடித்து அதில் முக்கி, என் கையில் கொடுத்தார். 'ஆதாமின் ஆரோக்கியம்' என்று பொருள், நம்மூரில் அருவதா. அவருக்கா என்று கேட்டேன். இல்லை, உனக்கு என்று சைகை காட்டினார். உப்புப் போட்ட காபி. சேற்றில் வழுக்கிக்கொண்டே குடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பது. ஒன்றுமில்லை என்றேன். நல்லது என்று எழுதிக்கொண்டார்.

வார்டில் தூக்கம் வராமல் என் நோட்டைப் புரட்டினேன். செடி, பாகம், அளவு, வேளை என்று எத்தனையோ பக்கம் கட்டம் போட்டிருக்கிறேன். எப்போது கொடுக்க மாட்டீர்கள் என்று ஒரு கட்டம்கூட இல்லை. அக்கோவுக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கட்டத்தில்தான் இருந்திருக்கிறது, நான் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அங்கே கொமொன்யோ என்று ஒரு செடி. தாவரவியலில் அதற்குப் பெயர் புரூசியா ஆன்டிடிசென்டெரிக்கா, சீதபேதியைப் போக்கும் புரூசியா. 18ஆம் நூற்றாண்டில் நைல் நதியின் ஊற்றைத் தேடி எத்தியோப்பியா வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் புரூஸ் பெயரை வைத்தார்கள். அதை மருந்தென்று அறிந்து வைத்திருந்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. எத்தியோப்பியாவில் 2006இல் வந்த 482ஆம் எண் சட்டம், ஒரு சமூகத்தின் அறிவை எடுக்க அந்தச் சமூகத்தின் முன்னனுமதி வேண்டும் என்கிறது. அனுமதித் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் இனி எதை எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் அந்த வாசலில் உட்கார்ந்து ஒரோமோவில் வாசித்துக் காட்டுவேன். அக்கோ வேண்டாம் என்றால் அந்த வரி போகும். ஆய்வுக்கட்டுரை மெலிந்தால் மெலியட்டும்.

அப்புறம் நீங்கள் எல்லாரும். கழி மாற்றி மாற்றித் தோளில் சுமந்த அண்ணன் தம்பிகள், அடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்த பஜாஜ் தம்பி, ரத்தம் கொடுத்த என் மாணவர்கள் நாலு பேர், டாக்டர்கள், நர்சுகள், முறைவைத்துக் கஞ்சியும் ரசமும் கொண்டுவந்த நம்மூர் ஆசிரியர் வீட்டுக்காரர்கள், ஊரிலிருந்து ராத்திரி பகல் பாராமல் போன் செய்தவர்கள். யார் போனையாவது எடுக்காமல் இருந்திருந்தால் மன்னிக்கவும். உங்களுக்கு நன்றி, அவர்களுக்கு கலதோமா.

அந்தக் கோப்பை என் பைக்குள்ளேயே வந்துவிட்டது. அடியில் காபி மண்டி காய்ந்து ஒட்டியிருந்தது, இன்று காலையில்தான் கழுவினேன். மழை விட்டு ரோடு சரியானதும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே. துளசி விதை எடுத்துப்போகலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. நாடு விட்டு நாடு விதை கொண்டுபோகக் கூடாது என்று வகுப்பெடுப்பவளே நான்தான். காபிக்கொட்டையும் இரண்டு கிலோ சர்க்கரையும் வாங்கி வைத்திருக்கிறேன். அக்கோ உப்புதான் போடுவார், சர்க்கரை பேரனுக்கு.